பதினாறு பேரில் நீ எங்கே நிற்கிறாய், முத்து?

என் செல்ல முத்துவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்டுத்தான் தொடங்க வருகிறது. எத்தனை மாதம் ஆனாலும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. பாம்பனில் புதுப் பாலத்தின் மேல் ரயில் ஓடுகிறது. அதைப் பார்க்கிறேன் என்று ரோட்டுப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி வழியை அடைத்துக்கொள்கிறார்கள். நீ இருந்திருந்தால் ஹாரனை அமுக்கி எல்லாரையும் வைதுவிட்டு, பிறகு நீயும் வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்திருப்பாய்.

போன மாதம் உன் அய்யாவும் அம்மாவும் ராமேஸ்வரம் வந்தார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நேரே அதற்குப் போனால், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நீ யார் என்று தெரியாமல் போய்விடும். உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

சென்னையில் என் கல்யாண வாழ்க்கை முடிந்து, அக்காள்மடத்தில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு நான் திரும்பி வந்தேன் அல்லவா? ராமநாதபுரம் வரை ரயிலில் வந்த என் சாமான்களை ஏற்றி வந்தது உன் குட்டியானை. அந்தச் சின்ன லோடு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, பீரோவின் ஒரு முனையை நீ பிடித்துக்கொண்டு மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னாய். கட்டம் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய தலை, மீசை அரும்பாத முகம். யாரோ பையன் என்று நினைத்தேன். குரலைக் கேட்டதும் குழம்பினேன். என் குழப்பம் உனக்குத் தெரிந்துவிட்டது. "பேரு முத்துக்கா. அது போதும்" என்றாய், பலபேருக்குச் சொல்லிச் சலித்த குரலில்.

அட்டைப்பெட்டி கிழிந்து என் டாரட் சீட்டுகள் நடையெல்லாம் சிதறியதும் அன்றுதான். நீ குனிந்து பொறுக்கிக்கொண்டே கேட்டாய்: "என்னக்கா, ரம்மியா?"

"ரம்மி இல்ல. இது குறி சொல்ற சீட்டு. போன்ல பேசுறவங்களுக்குப் பாத்துச் சொல்லுவேன். அதான் என் வேல."

"சீட்டுலயா? கிளி எங்க?"

அன்று சிரித்தேன், முத்து. சென்னையை விட்டு வந்த பிறகு முதல் சிரிப்பு அது.

பாம்பனில் மீன் ஏற்றப் போகும்போதெல்லாம் டீக்கு வண்டியை நிறுத்த ஆரம்பித்தாய். ஒருநாள் சீட்டுக்கட்டைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த அரசவைச் சீட்டுகளை மட்டும் எடுத்துத் தரையில் பரப்பினாய். கோப்பை, வாள், கோல், காசு என்று நான்கு வகை. வகைக்கு ஒரு ராஜா, ஒரு ராணி, குதிரைமேல் ஒரு வீரன், கீழே நிற்கிற ஒரு சேவகன். மொத்தம் பதினாறு பேர்.

"நம்ம சீட்டுல ஒரு ஜாக்கிதான. இதுல ரெண்டு ஜாக்கி இருக்கானே?" என்றாய். பிறகு விரலை வைத்து எண்ணினாய். "ஆம்பள பன்னெண்டு பேரு. பொம்பள நாலே நாலு. அந்த நாலும் நாக்காலிய விட்டு எந்திரிக்கல."

"ராஜாவும் உக்காந்துதான இருக்கான்?"

"அவன் சேவகனா நின்னு, குதிரை ஏறி ஊரெல்லாம் சுத்திட்டு வந்துல்ல உக்காந்திருக்கான். இவ எங்கக்கா சுத்துனா? பொறக்கும்போதே நாக்காலியில உக்கார வச்சுட்டாங்களா?"

இத்தனை வருடம் அந்தச் சீட்டுகளைக் கலைத்துப் போட்டவள் நான். ராணிக்கு ஒரு சின்ன வயது இருந்திருக்குமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெளிநாட்டில் இப்போது இதை மாற்றி வரைகிறார்கள் என்று உனக்குச் சொன்னேன். சேவகனை இளவரசி ஆக்குகிறார்கள், குதிரைமேல் பெண்ணை ஏற்றுகிறார்கள். ஆண் எட்டு, பெண் எட்டு என்று சரிபாதியாக வருகிற கட்டுகளும் இருக்கின்றன என்றேன். என் போனில் ஒன்றிரண்டு படங்களைக்கூடக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாய். "எட்டுக்கு எட்டு, சரிதான்க்கா. நான் எந்த எட்டுல போயி நிக்கிறது?" என்றாய்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கடிதத்தின் தலையில் எழுதியிருக்கிறேன்.

அப்புறம் கோப்பைச் சேவகனைக் கையில் எடுத்தாய். பூப்போட்ட சட்டை, தலையில் தொங்கும் துணி, பின்னால் கடல், கையில் ஒரு கோப்பை. கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலையை நீட்டி அந்த ஆளைப் பார்க்கிறது. "ஐஸ் இல்லாம வச்சுக்கிட்டு நிக்கிறாரு. மதியத்துக்குள்ள நாறிப்போகும்" என்று சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் கேட்டாய்.

"இது பையனா, பொண்ணா?"

"புத்தகத்துல பையன்னுதான் இருக்கு."

"புத்தகம் கெடக்கட்டும். நீ பாத்துச் சொல்லு."

பார்த்தேன். அந்த முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. "தெரியல முத்து" என்றேன். அந்தப் பதில் உனக்குப் பிடித்திருந்தது. சீட்டை என்னிடம் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு உன் கதையைச் சொன்னாய். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரில் நெல் விளையும் ஊர். ஒற்றைப் பிள்ளை. வீட்டில் வைத்த பெயர் முத்துமாரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இரட்டைச் சடையை நீயே வெட்டினாய். அன்றோடு அய்யா பேச்சை நிறுத்தினார். சாப்பிடு என்றுகூட அம்மாவை விட்டுத்தான் சொல்லவைத்தார். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டாய். பிற்பாடு அம்மா மட்டும் அவ்வப்போது எனக்குப் போன் செய்து உன்னை விசாரித்துக்கொள்வார்.

"நான் பொண்ணு இல்லக்கா. சின்னதுலருந்தே இல்ல. யாருகிட்டயும் சண்ட போட்டு இத நிரூபிக்க எனக்குத் தெம்பு இல்ல. நீ மட்டும் என்னையத் தம்பின்னு கூப்புடுறியா?"

"வா தம்பி" என்றேன். உனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தான் அந்தக் கேலி என்று எனக்குத் தெரியும்: "இந்தத் தீவுல அக்காவுக்கு ஒரு மடம் இருக்கு, தங்கச்சிக்கு ஒரு மடம் இருக்கு. தம்பிக்கு ஒரு மடம் கட்டணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாத்தியா?"

இப்போதும் பஸ்ஸில் தங்கச்சிமடம் ஸ்டாப்பைக் கண்டக்டர் கூவும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

தமிழில் டாரட் சொல்லித் தரும் வீடியோக்களை நாம் சேர்ந்துதான் எடுத்தோம். கேமரா பிடித்தது நீ. சேவகன் என்று நான் பேசியதும் போனை நிறுத்திவிட்டாய். "ஏவலாள்னு சொல்லுக்கா. ஐஸ் பெட்டி ஏத்த ஆள் வேணும்னு போன் பண்ணுவாங்க. நான் போயி நிப்பேன். ஒரு மாதிரி பாப்பாங்க. ஆள்தான கேட்டீங்க, வந்துட்டேன்னு சொல்லுவேன். ஆள்னு சொல்லிட்டா எவனும் ஒண்ணும் கேக்க முடியாது." அன்றிலிருந்து என் வீடியோக்களில் அது ஏவலாள். குதிரைவீரன் குதிரையாள் ஆனது. ராஜாவை மட்டும் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அரசர் என்று மரியாதை கொடுத்து வைத்தோம்.

பரமக்குடிப் பெண் ஒருத்தி போனில் வரன் கேட்டாளே, நினைவிருக்கிறதா? குதிரைச் சீட்டு விழுந்தது. வழக்கம்போல, "வடக்கேயிருந்து ஒருத்தர் வருவாரும்மா" என்றேன். போனை வைத்ததும் நீ வாசலிலிருந்து கேட்டாய்: "ஏன்க்கா, அந்தப் பொண்ணே குதிரையில ஏறிப் போகக்கூடாதா? ஆராவது வந்துதான் ஆகணுமா?" நான் அவளைத் திரும்ப அழைத்து, நீ கேட்டதைச் சொல்லி, இந்தச் சீட்டு நீயாகவும் இருக்கலாம், உனக்கு எங்கே போக ஆசை என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். படிக்கிறாள் முத்து. போன தீபாவளிக்குப் போன் செய்து, உன்னைப் பற்றி விசாரித்தாள். அவளிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் தினமும் சொன்னேன். நீ மாத்திரையைப் போட்டுக்கொண்டு லோடுக்குப் போனாய். ஒருநாள் கோபப்பட்டுக் கத்தியபோதுதான் உண்மையைச் சொன்னாய்: "படுக்கச் சொல்லிருவாங்கக்கா. ஆதார் கார்டப் பாத்துட்டுப் பொம்பள வார்டுல போடுவாங்க. சுத்தி இருக்கவங்க என்னையப் பாத்துச் சேலைய இழுத்து மூடுவாங்க. அதத் தாங்க முடியாது."

கண் மஞ்சளான பிறகுதான் வந்தாய். ராமநாதபுரத்தில் அந்த நர்ஸ் உன் கார்டைப் பார்த்தார், உன் முகத்தைப் பார்த்தார், மறுபடி கார்டைப் பார்த்தார். "ஓரத்துக் கட்டில் ஒண்ணு காலியா இருக்கு. மறைப்பு வச்சுத் தாரேன். யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. நீ படுத்துக்கப்பா" என்றார். அந்த 'ப்பா'வைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தாய். கேட்டியாக்கா என்று கண்ணாலேயே கேட்டாய். காய்ச்சலில் உலர்ந்த உதட்டில் ஒரு சிரிப்பு. இந்த உலகத்தில் உனக்கு இவ்வளவு சின்ன விஷயம்தானே வேண்டியிருந்தது?

காய்ச்சல் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது, "ஐஸ் பெட்டியக் கழுவாம விட்டுட்டேன்க்கா, வண்டி நாறிப்போகும்" என்றாய். "நான் கழுவி வைக்கிறேன், நீ பேசாம இரு" என்றேன். நாம் பேசியதில் கடைசி அதுதான். மதுரை போய்ச் சேரவில்லை நீ. வழியிலேயே உன்னை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உன் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் ஸ்டாப்பிலேயே கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். 'செல்வி முத்துமாரி' என்று பெரிய எழுத்து. பள்ளிக்கூடப் படம், இரட்டைச் சடை, ரிப்பன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. அதன் கீழே நின்று யாரிடம் வழி கேட்பது என்று தெரியாமல் தவித்தேன்.

உன் கட்டம் போட்ட சட்டையைத் தேய்த்து ஒரு கவரில் வைத்து எடுத்துப் போயிருந்தேன். வீட்டுக்குள் பெண்கள் உன்னைக் குளிப்பாட்டத் தொடங்கியிருந்தார்கள். கூடத்து மூலையில் மடிப்புக் கலையாத பட்டுச்சேலை ஒன்று தயாராக இருந்தது. உன் அம்மா வெளியே வந்து என் கையிலிருந்த கவரைப் பார்த்தார். பிரித்துப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உன்னை வெளியே கொண்டுவந்தபோது பட்டுச்சேலைதான் தெரிந்தது. பூவும் மஞ்சளும். சட்டையை அம்மா என்ன செய்தார்? அடியில் உடுத்தினாரா, தன் துணிப்பெட்டிக்குள் வைத்தாரா? நான் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் என்னிடம், "நீ அவளுக்கு என்ன வேணும்?" என்றாள். அவன் என் தம்பி என்று வாய்வரை வந்தது. பிணம் கிடக்கிற வீட்டில் சண்டை மூளும் என்று பயந்து, "முத்துவுக்கு நான் அக்கா" என்று மட்டும் சொன்னேன். உன்னோடு பேசியவரை எனக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. நீ வந்தாய், நீ தின்றாய், நீ சிரித்தாய் என்றால் அதில் ஆண் எங்கே, பெண் எங்கே? நீ போன பிறகுதான் உன்னைப் பற்றிப் பிறரிடம் பேச வேண்டியதாயிற்று. வந்தான் என்பதா, வந்தாள் என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஊர் என்னை மறித்தது. இதை உனக்குக் கடிதமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே நீ வெறும் நீ.

இனி போன மாதக் கதை.

உன் அம்மா போன் செய்து, வருஷத் திதி கொடுக்க வருகிறோம், நீயும் வந்து நில்லு தாயி என்றார். அமாவாசைக் கூட்டம் இல்லாத ஒரு காலை. அக்னி தீர்த்தக் கரையில் உன் குட்டியானை வந்து நின்றது. அதை அய்யா விற்கவில்லை, முத்து. கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிவந்தார். அம்மா முன்னால் இருந்தார். லோடு ஏற்றுகிற பின்பக்கத்தில் அய்யா தனியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டாராம். ஏன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

கடலில் முங்கிவிட்டு ஈர வேட்டியோடு அய்யா மணலில் உட்கார்ந்தார். பெற்றவர் பிள்ளைக்குத் திதி கொடுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. புரோகிதர் விரலில் தர்ப்பையை மாட்டிவிட்டு, எள்ளை உள்ளங்கையில் வைத்தார்.

"கோத்திரம்?"

"தெரியாதுங்க."

"சிவகோத்திரம்னு வச்சுக்குவோம். இறந்தவங்க பேரு?"

"முத்து."

"என்ன வேணும் உங்களுக்கு? மகனா, மகளா?"

அய்யா உள்ளங்கையில் இருந்த எள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லையோ என்று புரோகிதர் இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். "சொல்லுங்க பெரியவரே. மந்திரத்துல சொல்லணும். ஆணா பெண்ணான்னு தெரிஞ்சாத்தான நான் சொல்ல முடியும்?"

அம்மா என்னைப் பார்த்தார். என் நாக்கின் நுனியில் பதில் இருந்தது. ஆனால் எள் அய்யாவின் கையில் இருந்தது.

"எம் புள்ளைக்கு, சாமி" என்றார் அய்யா.

"சரிங்க. பொம்பளப் புள்ளையா, ஆம்பளப் புள்ளையா?"

"புள்ள. எனக்கு அது ஒண்ணுதான். விடியுமுன்ன எனக்கு முந்தி வயக்காட்டுல போயி மடை திறந்துவிடும். அய்யா அய்யான்னு எத்தனையோ தடவ கூப்புட்டுப் பாத்துச்சு. நான்தான் வாயத் தொறக்கல." அவர் கையிலிருந்து எள் மணலில் சிந்தியது. "புள்ளன்னே சொல்லுங்க. போதும்."

புரோகிதர் சிந்திய எள்ளுக்குப் பதிலாகப் புது எள்ளை எடுத்து அவர் கையில் வைத்தார். "சரி. முத்துங்கிற புள்ளைக்கு. தண்ணிய விடுங்க" என்றார்.

நான் காத்திருந்த சொல் 'மகன்'. அது வரவில்லை. அந்தக் குறை என் நெஞ்சில் இருக்கத்தான் செய்கிறது, உனக்கும் இருக்கும். ஆனால் அங்கே நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன்: புள்ள சாப்புட்டுச்சா, புள்ள தூங்குச்சா என்றுதான் உன் அம்மாவும் இத்தனை வருடம் எனக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். ஒருநாளும் 'அவள்' என்றதில்லை. அந்த வீட்டில் உனக்கு நிற்க ஒரு சின்ன இடம் இருந்திருக்கிறது. அதை யாரும் உன் காதில் போடவில்லையே முத்து. உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

எல்லாம் முடிந்து வண்டியில் ஏறும்போது அய்யா திரும்பி என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்த்து அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீ அதுக்கு என்ன வேணும் தாயி?"

"அக்கா, அய்யா."

தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பன்னா நீ எங்களுக்கு மக. தையில அறுப்பு இருக்கு. வீட்டுக்கு வா" என்றார்.

போகிறேன் முத்து. பொங்கல் கழித்து உன் ஊருக்கு பஸ் ஏறுகிறேன். களத்துமேட்டில் யாராவது நீ ஆரு என்று கேட்டால், முத்துவின் அக்கா என்பேன். எந்த முத்து என்று கேட்டால் இந்தத் தடவை பயப்பட மாட்டேன். என் தம்பி, அவன் இந்த வீட்டுப் பிள்ளை என்று உன் அய்யா காதில் விழும்படி உரக்கச் சொல்வேன். அவர் முகம் சுளித்தாலும் சொல்வேன். அடுத்த வருஷமும் போய்ச் சொல்வேன். அவருக்கும் அந்தச் சொல் வாயில் வருகிறவரை சொல்லிக்கொண்டே இருப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
சுமதி
அக்காள்மடம்